முன்பணமும் நியமனக் கடிதமும்

(விழுப்புரத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

 

தொழிலாளர் சட்டத்தில் அண்மைக் காலத்தில் நேர்ந்துள்ள மாறுதல்களைப் பற்றி இவ்வாண்டுச் சொற்பொழிவு அமைய வேண்டுமென்று அறக்கட்டளையார் பணித்தபோது, பொருளின் விரிவை எண்ணிச் சற்றே தயங்கினேனாயினும், இந்த மாவட்டத்து மக்களின் அன்றாட ஜீவனத்தோடு இத்துணை நெருங்கிய விஷயம் வேறொன்றில்லை என்னும் எண்ணத்தால் உவந்து இசைந்தேன். 2025-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21-ஆம் நாள், நாடாளுமன்றம் சில ஆண்டுகளுக்கு முன்பே நிறைவேற்றி வைத்திருந்த நான்கு சட்டத் தொகுப்புகள் ஒருசேர நடைமுறைக்கு வந்தன. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு ஒன்று. 2020-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு ஆகியன ஏனைய மூன்று. அதுகாறும் தனித்தனியே நின்ற 29 மத்தியச் சட்டங்கள் இந்நான்கினுள் ஒடுங்கின. சுதந்திரத்திற்குப் பிற்பட்ட தொழிலாளர் சட்ட வரலாற்றில் இதனினும் பெரிய மாற்றம் நிகழ்ந்ததில்லை எனலாம்.

இம்மாற்றத்தைப் பற்றிப் பெருநகரங்களில் நடைபெறும் விவாதங்கள் பெரும்பாலும் பெரிய ஆலைகளையும் பெரிய சங்கங்களையும் மனத்திற்கொண்டே நடைபெறுகின்றன. நம்முடைய மாவட்டமோ வேறு வகையானது. 1993-இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து, 2019-இல் கள்ளக்குறிச்சியைத் தனி மாவட்டமாகப் பிரித்துக் கொடுத்து, இன்று விழுப்புரம், திண்டிவனம் என்னும் இரு நகரங்களைச் சுற்றி அமைந்திருக்கும் இந்நிலப்பரப்பில், உழவும் கரும்பு வெட்டும், முண்டியம்பாக்கத்துச் சர்க்கரை ஆலையும் பெரியசெவலைக் கூட்டுறவு ஆலையும், மரக்காணத்து உப்பளமும், ஊர்தோறும் புகையும் செங்கல் சூளையும், நெல் அவிக்கும் அரிசி ஆலையும், விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகமும், கடைவீதிகளின் ஜவுளிக்கடைகளும் மக்களுக்குச் சோறிட்டு வருகின்றன. இவற்றின் நடுவே புதிய தொழில்களும் கால்கொண்டு வருகின்றன. திண்டிவனம் சிப்காட் உணவுப் பூங்காவில் 400 கோடி ரூபாய் முதலீட்டில் தொழிற்சாலை அமைப்பதற்கு டாபர் நிறுவனம் 2024-இல் தமிழ்நாட்டு அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அதே ஆண்டில் வானூர் வட்டத்துத் திருச்சிற்றம்பலத்தில் சிறிய டைடல் பூங்கா திறக்கப்பெற்றது. ஆக, நூறாண்டுக்கு முந்திய வேலைமுறையும் நாளைய வேலைமுறையும் ஒரே வட்டத்திற்குள், சில இடங்களில் ஒரே சாலையின் இருமருங்கிலும், அருகருகே நடைபெறுகின்ற பிரதேசம் இது.

இத்தகைய பிரதேசத்தில் நின்று நோக்கும்போது, சட்டத்தின் பலதிறப்பட்ட பிரிவுகளுக்குள்ளே ஒன்று எனக்குத் தலையாயதாகத் தோன்றுகிறது. ஒருவன் வேலைக்குச் சேரும்போது அவன் கையில் என்ன கொடுக்கப்படுகிறது என்பதே அது. நம் ஊர்களில் நெடுங்காலமாக அவன் கையில் கொடுக்கப்பட்டு வந்தது முன்பணம். புதிய சட்டம் கொடுக்கச் சொல்வது நியமனக் கடிதம். முன்னதன் இடத்தைப் பின்னது பெறுமாயின் இச்சட்டம் நம் மாவட்டத்தில் வென்றது என்று கொள்வோம். பெறாதாயின், எத்தனை விதிகள் வகுத்தும் பயனில்லை. இதுவே நான் இன்று சொல்ல வந்த கருத்து.

1. முன்பணத்தின் சரித்திரம்

முன்பணம் கொடுத்து ஆள் பிடிப்பது ஏதோ கிராமத்துச் சம்பிரதாயம் மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குச் சட்டத்தின் பக்கபலமும் ஒரு காலத்தில் இருந்தது. 1859-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டமாகிய ஒப்பந்த மீறுகைச் சட்டம், முதலில் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய நகரங்களுக்கென இயற்றப்பெற்று, பின்னர்ப் பிற இடங்களுக்கும் பரவியது. முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை முடிக்காமல் விட்டால், முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது வேலையைச் செய் என்று மாஜிஸ்திரேட்டு ஆணையிடுவார். அந்த ஆணைக்கும் பணியாதவனை மூன்று மாதம் வரை கடுங்காவலில் வைக்கலாம். கடன்பட்ட வணிகன் சிவில் நீதிமன்றத்தில் வாதாடிக் கொண்டிருக்க, முன்பணம் வாங்கிய கூலியாள் மட்டும் சிறைக்குப் போனான். கூலி கொடுக்கத் தவறிய முதலாளிக்கு இத்தகைய தண்டனை எதுவும் அச்சட்டத்தில் இல்லை.

இந்த அநீதி 1926-இல்தான் ஒழிந்தது. அதே ஆண்டில்தான் தொழிற்சங்கச் சட்டமும் பிறந்தது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் பி. பி. வாடியாவைத் தலைவராகவும் திரு. வி. கலியாணசுந்தரனாரைத் துணை நின்றோருள் ஒருவராகவும் கொண்டு தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் மீது, பக்கிங்காம் கர்நாடிக் ஆலை நிர்வாகம் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றதும், சங்கம் அமைப்பதே குற்றமாகி விடுமோ என்னும் அச்சம் நாடெங்கும் எழுந்ததும், அச்சட்டத்திற்கு வித்திட்ட நிகழ்ச்சிகள். முன்பணத்தின் பேரால் தொழிலாளியைச் சிறையிலடைக்கும் அதிகாரம் போனதும், சேர்ந்து நிற்கும் உரிமை வந்ததும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது வெறும் தற்செயலன்று. இரண்டும் ஒரே விழிப்பின் இரு விளைவுகள்.

சிறை போயிற்று, ஆனால் முன்பணம் போகவில்லை. அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்த பின்னரும், கால் நூற்றாண்டு கழிந்து, 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாகவும் 1976 பிப்ரவரி 9-இல் முழுச் சட்டமாகவும் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வரவேண்டியிருந்தது. 1859-இன் சட்டத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பிய சட்டம் இது. கடனுக்காக உழைக்கும் கட்டு அறுந்தது, அக்கடனே அழிந்தது, அழிந்த கடனை மீண்டும் வசூலிக்க முனைபவனுக்கே தண்டனை என்றாயிற்று. அதனினும் சிறந்த விதி ஒன்று அதன் 15-ஆம் பிரிவில் இருக்கிறது. இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அன்று என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவனையே சாரும். எழுத்தறியாத ஏழை சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை.

இதற்கு உச்ச நீதிமன்றம் தந்த விளக்கம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. 1982-இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டட வேலைகளைப் பற்றிய வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவன் வேலை செய்கிறான் என்றால் அவன் வறுமையின் நிர்ப்பந்தத்தாலேயே செய்கிறான், ஆகவே அதுவும் கட்டாய உழைப்பே என்று நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார். 1983-இல், பரீதாபாத்துக் கல்குவாரித் தொழிலாளர் வழக்கில், ஒருவன் கட்டாயமாக உழைக்கிறான் என்று தெரிந்தாலே, அது முன்பணத்திற்கு ஈடாகத்தான் என்று நீதிமன்றம் அநுமானித்துக் கொள்ளும் என்றும் கூறினார். இவ்விரு தீர்ப்புகளும் நாற்பதாண்டைக் கடந்தவை. எனினும் நம் மாவட்டத்துச் சூளைகளிலும் ஆலைகளிலும் இன்றும் நித்திய பாராயணம் செய்ய வேண்டியவை.

2. சூளைக் கணக்கு

தை பிறந்து மழை நின்றபின் தொடங்கி ஆனி ஆடி வரை நீளும் செங்கல் பருவத்தில் ஒரு களத்திற்குச் சென்று பாருங்கள். கணவனும் மனைவியும் ஒரு ஜோடியாகக் கணக்கில் வைக்கப்படுகிறார்கள். வெயிலுக்கு அஞ்சி நள்ளிரவு கடந்த சாமத்திலேயே எழுந்து, முந்திய மாலை வெட்டி நீர் விட்டு ஊறவைத்த மண்ணை மிதித்துக் குழைத்து, ஒருவர் மண்ணுருண்டை எடுத்துக் கொடுக்க ஒருவர் அச்சில் அறைந்து, வரிசை வரிசையாகப் பச்சைக்கல் அறுத்துப் போடுகிறார்கள். விடிந்து வெயில் ஏறும்போது களமெங்கும் ஈரக்கல் பரவியிருக்கும். பின்னர்க் கல்லைப் புரட்டிக் காயவைத்து, சீவி, அடுக்க வேண்டும். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசப்பட்டிருக்கிறது. இரவில் திடீரென்று மழை இறங்கிக் கல் கரைந்துபோனால், கரைந்த கல்லுக்குக் கூலி இல்லை. உடைசலுக்கென்று எண்ணிக்கையில் கழிவும் உண்டு.

கூலி கைக்கு வருவதில்லை. வாரந்தோறும் அரிசி பருப்புக்கென்று செலவுக்காசு மட்டும் கிடைக்கும். பருவம் முடிந்த பிறகே மேஸ்திரி கணக்குப் பார்ப்பார். ஒரு ஜோடி 60,000 ரூபாய் முன்பணம் பெற்றதாக வைத்துக்கொள்வோம். பருவமெல்லாம் அறுத்த கல்லுக்கான கூலியிலிருந்து வாரச் செலவு கழியும், நடுவில் மருத்துவத்திற்கு வாங்கிய கைமாற்று கழியும், உடைசல் கழியும், மீதி முன்பணத்தில் வரவு வைக்கப்படும். இவ்வளவும் போக, பாக்கி இருபதாயிரம் என்று ஒரு வாக்கியம் சொல்லப்படும். அந்தப் பாக்கி அடுத்த பருவத்தின் முன்பணத்தோடு சேர்ந்துகொள்ளும். கணக்கு எழுதிய நோட்டு மேஸ்திரியிடம் இருக்கிறது. உழைத்தவர்களிடம் ஒரு துண்டுத் தாளும் இல்லை. மனைவியின் உழைப்பு கணவனின் பெயரிலே கரைகிறது. உதவிக்கு வந்த பிள்ளையின் உழைப்புக்குப் பெயரே இல்லை.

இவ்வாறு உழைப்பவருள் கணிசமானோர் இருளர் பழங்குடியினர் என்பது இவ்வட்டாரம் அறிந்த செய்தி. தமிழ்நாட்டில் மிக நலிந்த பழங்குடிகளாக அரசு வகுத்த ஆறு பிரிவினருள் அவர்களும் ஒருவர். அவர்களுக்கு நிலமில்லை, பலருக்குச் சாதிச் சான்றும் குடும்ப அட்டையும் வாங்குவதே ஒரு பெரும் பிரயாசை. அவர்களின் பொருட்டுத் திண்டிவனத்தில் இருந்துகொண்டு பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வாயிலாகப் பேராசிரியர் பிரபா கல்விமணி ஆற்றிவரும் தொண்டை இவ்வவையில் நன்றியோடு குறிப்பிடுதல் என் கடமை. கொத்தடிமையாக இருந்தவர்களை மீட்கும்போது, திண்டிவனத்தில் சார் ஆட்சியரும் விழுப்புரத்தில் கோட்டாட்சியரும் விசாரித்து விடுதலைச் சான்றிதழ் வழங்குகிறார்கள். தன் பெயர் எழுதி அரசு முத்திரையிட்டு ஒருவன் வாழ்நாளில் பெறும் முதல் ஆவணம் அந்தச் சான்றிதழாகவே இருக்கும் குடும்பங்கள் உண்டு. உழைப்பாளி என்பதற்கு ஒரு தாளும் பெறாதவன், அடிமையாயிருந்தான் என்பதற்குத்தான் முதல் தாளைப் பெற வேண்டியிருப்பது நம் சமுதாயத்திற்குப் பெருமை தரும் நிலையன்று.

மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு மறுவாழ்வுத் திட்டம் வயது வந்த ஆடவருக்கு 1 லட்சமும், பெண்களுக்கும் சிறார்க்கும் 2 லட்சமும், மிகக் கொடிய நிலைகளில் 3 லட்சமும் அளிக்க வகை செய்கிறது. உடனடி உதவியாக முதலில் 20,000 ரூபாய் என்றிருந்தது பின்னர் 30,000 ஆக உயர்ந்தது. ஆயினும் முழுத் தொகையும் குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு பிணைக்கப்பட்டிருப்பதால், வழக்கு நீளும்போதெல்லாம் உதவியும் நீளுகிறது. அந்த இடைவெளியில் பசித்த குடும்பத்தைத் தேடி மறுபடியும் முன்பணம் வந்து வாயிலில் நிற்கிறது. மீட்பது ஒரு நாள் வேலை. மீட்டவரை மீண்டும் அக்குழியில் விழாமற் காப்பதே பல்லாண்டு வேலை. அந்த வேலைக்குத்தான் புதிய சட்டத் தொகுப்புகள் எவ்வளவு துணை செய்யும் என்று நாம் ஆராய வேண்டும்.

3. புதிய சட்டம் தருவது

ஊதியச் சட்டத் தொகுப்பே நம் மாவட்டத்திற்கு மிகவும் நெருங்கியது என்பது என் அபிப்பிராயம். 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அட்டவணையில் குறித்த தொழில்களுக்கு மட்டும் பொருந்தியது. புதிய தொகுப்பிலோ அட்டவணை என்பது இல்லை. கூலி பெறும் அனைவர்க்கும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. மத்திய அரசு ஓர் அடித்தள ஊதியத்தை வகுக்கும்; அதற்குக் கீழே எந்த மாநிலமும் இறங்கக் கூடாது; ஏற்கெனவே மிகுதியாகக் கொடுத்து வந்த இடத்தில் குறைக்கவும் கூடாது. நாட்கூலியை அன்றைய வேலை முடிந்தவுடனும், வாரக்கூலியை வாரத்தின் கடைசி வேலை நாளிலும், மாதச் சம்பளத்தை மறுமாதம் ஏழாம் நாளுக்குள்ளும் கொடுத்துவிட வேண்டும். வேலையை விட்டு நீங்கியவர்க்கோ நீக்கப்பட்டவர்க்கோ இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கை முடித்துத் தர வேண்டும். பருவம் முழுவதும் கூலியை நிறுத்தி வைத்து இறுதியில் கணக்குப் பார்க்கும் சூளை வழக்கத்திற்கு இந்தக் கால வரையறையில் இடமே இல்லை என்பதை ஊன்றிக் கவனியுங்கள்.

முன்பணத்தைப் பற்றியும் தொகுப்பு மௌனமாக இல்லை. வேலை தொடங்குமுன் கொடுத்த முன்பணத்தை முதல் முழு ஊதியக் காலத்தின் ஊதியத்திலிருந்தே பிடிக்கத் தொடங்க வேண்டும்; பயணச் செலவுக்கென்று கொடுத்ததைப் பிடிக்கவே கூடாது. 1936-ஆம் ஆண்டுச் சம்பளச் சட்டத்திலிருந்து வழிவழியாக வரும் விதி இது. எக்காரணங்களைச் சேர்த்தும் ஊதியத்தில் பாதிக்கு மேல் பிடித்தல் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஊதியச் சீட்டுத் தர வேண்டும். உழவுக்கோ வீட்டு வேலைக்கோ ஐந்து பேருக்கு மிகாமல் வைத்திருப்பவர்க்கு மட்டும் இதில் விலக்கு. அவரும்கூட, கேட்டால், ஊதியம் கொடுத்ததற்கு நியாயமான ஆதாரம் காட்ட வேண்டும். கூலி வரவில்லை என்றோ குறைந்தது என்றோ முறையிட்டால், கொடுத்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு வேலை கொடுத்தவருடையது. முறையீட்டுக்கு மூன்றாண்டு அவகாசம் உண்டு; தொழிலாளியே முறையிடலாம், அவருக்காகச் சங்கமும் முறையிடலாம்; பாக்கியோடு அதைப்போலப் பத்து மடங்கு வரை ஈட்டுத் தொகையும் விதிக்கலாம். 1976-இன் சட்டம் கடனைப் பற்றிச் சொன்ன அதே நீதியை, இத்தொகுப்பு கூலியைப் பற்றியும் சொல்லியிருக்கிறது. எழுதி வைக்கும் வசதி உள்ளவன் எழுத்தைக் காட்டட்டும். உழைத்தவன் வாய்ச்சொல்லே போதும் என்பதுதான் அதன் சாரம்.

பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு, தன் வரம்புக்குட்பட்ட ஸ்தாபனங்களில் பணிபுரியும் ஒவ்வொருவர்க்கும் நியமனக் கடிதம் தருவதை வேலை கொடுப்பவரின் கடமையாக்கியிருக்கிறது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, குறித்த காலப் பணியாளர்க்கு ஐந்தாண்டு நிரம்பாமலே ஓராண்டுப் பணிக்கே பணிக்கொடை தருகிறது. செயலி வழியே உணவும் சரக்கும் கொண்டு சேர்க்கும் இளைஞர்களையும் முதன்முறையாக மத்தியச் சட்டத்தின் கண் காண்கிறது. அவர்களுக்கென 2023-இலேயே நலவாரியம் அமைத்த மாநிலம் நம்முடையது. படிகளைப் பெருக்கி அடிப்படை ஊதியத்தைக் குறைத்துக் காட்டும் வழக்கத்திற்கும் அணை போடப்பட்டுள்ளது. ஊதியத்தில் சேராத படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேற்பட்டால், அந்த மிகுதி ஊதியமாகவே கொள்ளப்படும். சேமநல நிதியும் பணிக்கொடையும் அதனால் உயரும்.

4. எண்ணிக்கை என்னும் எல்லை

நன்மைகளைச் சொன்ன நாவால் குறைகளையும் சொல்லாவிடில் நான் இம்மேடைக்கு நேர்மை செய்தவனாகேன். புதிய தொகுப்புகளில் உரிமைகள் பலவும் எண்ணிக்கையை ஆதாரமாகக் கொண்டு நிற்கின்றன. அந்த எண்களும் சில இடங்களில் தொழிலாளிக்குப் பாதகமாக உயர்ந்திருக்கின்றன. மின்விசையோடு 10 பேர், மின்விசையின்றி 20 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்தது, இப்போது 20 பேர், 40 பேர் என்றாகிவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேரில் தொடங்கியது, இப்போது 50 பேரில் தொடங்குகிறது. நிலையாணைகளுக்கும், ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அநுமதி பெறுவதற்கும் 100 பேர் என்றிருந்த எல்லை 300 ஆக உயர்ந்தது. பொதுப்பயன் சேவைகளுக்கு மட்டும் இருந்த வேலைநிறுத்த முன்னறிவிப்பு, இப்போது 14 நாள் அறிவிப்பாக எல்லாத் தொழில்களுக்கும் விரிந்திருக்கிறது. பாதிப் பேர் ஒருசேரத் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே.

திண்டிவனத்துச் சிப்காட்டில் எழும் பெரிய ஆலை இவ்வெண்களுக்குள் வரும். ஆறு பேர் நெல் அவித்து உலர்த்தும் சிறு ஆலையும், மூன்று பெண்கள் துணி விரித்துக் காட்டும் கடையும், மேஸ்திரிகள் மூவர் பெயரில் பிரித்துக் காட்டப்படும் சூளையும் வருமா? நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கிய தொகுப்பே 10 பேர் இருக்கும் ஸ்தாபனத்திலிருந்துதான் தொடங்குகிறது. தொழிலாளர் அரசுக் காப்பீடு 10 பேரில், சேமநல நிதி 20 பேரில். கடிதம் யாருக்கு மிகவும் அவசியமோ அவர்களுக்கே அது கடமையாக இல்லை. எண்ணிக்கை பாராமல் அனைவரையும் தழுவுவது ஊதியத் தொகுப்பு ஒன்றே. ஆகவே நம் மாவட்டத்தின் கைப்பிடி ஊதியச் சீட்டுதான் என்பதை இங்குள்ள வழக்கறிஞர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறேன். இன்னும் ஒரு செய்தி: கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இந்நான்கிலும் கரையவில்லை, அது தனித்தே, முழு வலிமையோடு நிற்கிறது.

5. மாநிலத்தின் பங்கு

தொழிலாளர் நலம் பொதுப் பட்டியலில் இருப்பதால் மாநிலத்தின் கையிலும் பெரும் அதிகாரம் இருக்கிறது. அதை நன்றாகப் பயன்படுத்திய சந்தர்ப்பங்கள் தமிழ்நாட்டில் உண்டு. 24 மாத காலத்தில் 480 நாள் தொடர்ந்து பணிபுரிந்தவர்க்கு நிரந்தரத் தகுதி அளிக்கும் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் போக்குவரத்துக் கழகம் முதலிய இடங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு விளக்கேற்றியது. 2021 செப்டம்பரில், கேரளம் 2018-இல் காட்டிய வழியைப் பின்பற்றி, கடைகளில் பணிபுரிவோர்க்கு இருக்கை தர வேண்டும் என்று நம் சட்டமன்றம் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. காலை முதல் இரவு வரை நின்றே ஆக வேண்டிய பெண்ணுக்கு ஒரு முக்காலி கிடைப்பது சட்டப் புத்தகத்தில் ஒரு வரி; அவள் கால் நரம்புகளுக்கோ அது பெரும் உபகாரம். நம் கடைவீதிகளில் அந்த முக்காலி போடப்பட்டிருக்கிறதா என்று பொருள் வாங்கச் செல்லும் ஒவ்வொருவரும் கண்ணாற் காணலாம். இல்லையேல் கேட்கவும் செய்யலாம்.

பிழையைத் திருத்திக்கொண்ட சந்தர்ப்பமும் உண்டு. 2023 ஏப்ரல் 21-ஆம் நாள், தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்து நின்றன. மே 1-ஆம் நாள் அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். எட்டு மணி நேரம் என்பது எவ்வளவு ஆழமாக இம்மண்ணில் வேரூன்றியிருக்கிறது என்பதற்கு அந்தப் பத்து நாட்களே சான்று. 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் நீடித்த சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர் போராட்டத்தில் ஊதியத்தைவிடப் பெரிய கேள்வியாக நின்றது சங்கத்தின் பதிவுதான். அந்தப் பதிவு 2025 ஜனவரியில் கைகூடியது. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய பெரம்பூரில் எழுந்த கேள்வி நூற்றாண்டு கடந்தும் எழுகிறது என்றால், சட்டம் மாறினாலும் மனித கௌரவத்தின் கோரிக்கை மாறுவதில்லை என்றே பொருள்.

6. தொழில் நடத்துவோரின் நியாயம்

இங்கே அமர்ந்திருக்கும் தொழில் நடத்துவோர் என் பேச்சை ஒருதலைப்பட்சமாகக் கொள்ளலாகாது. சூளை வைப்பவர் அனைவரும் செல்வந்தரல்லர். மண்ணுக்கும் விறகுக்கும் கடன் வாங்கி, மழைக்கு அஞ்சி, கட்டட வேலை குறைந்தால் கல் விலையும் சரியக் கண்டு தவிப்போர் பலர். பருவத்திற்கு ஆள் கிடைப்பது அரிதாகையால், பக்கத்துச் சூளைக்காரர் முன்பணம் கொடுக்கும்போது தாமும் கொடுக்க நேர்கிறது. வாங்கியவர் பாதியில் போய்விட்டால் நஷ்டம் தமக்கே என்று அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. சிறு நிறுவனத்தார் பத்துப் பதிவேடுகளையும் பல அலுவலகங்களையும் கண்டு சலித்துப் போயிருந்தனர் என்பதும் மெய். ஒரே பதிவு, ஒரே உரிமம், ஒரே கணக்கறிக்கை என்று புதிய தொகுப்புகள் அவர்கள் பாரத்தைக் குறைத்திருக்கின்றன. ஆய்வாளரும் இனித் தண்டிப்பவராக மட்டுமன்றி வழிகாட்டுபவராகவும் இருக்க வேண்டும் என்கின்றன. இந்த எளிமையை நான் வரவேற்கிறேன்.

ஆனால் அவர்களுக்கு ஒன்று சொல்வேன். முன்பணம் ஆளைக் கொண்டுவரும், தங்க வைக்காது. தங்க வைப்பது வாரந்தோறும் கைக்கு வரும் முழுக்கூலியும், மறுபருவத்தில் அதே வேலை உண்டு என்னும் நம்பிக்கையுமே. கணவன் கணக்கு வேறு, மனைவி கணக்கு வேறு என்று இருவர் பெயரிலும் வங்கியில் கூலி சேருமாயின், பாக்கி எவ்வளவு என்ற தகராறு எழவே வழியில்லை. எழுத்து தொழிலாளியை மட்டுமன்று, நேர்மையாக நடக்கும் முதலாளியையும் காக்கும். ஏனெனில் நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது என்றான பிறகு, எழுத்தில்லாதவருக்குத் தற்காப்பும் இல்லை. குறைந்த கூலி கொடுத்து விலையைக் குறைத்து விற்கும் அண்டை வீட்டாரிடமிருந்து முறையாகக் கூலி கொடுப்பவரைக் காக்கும் அரணும் சட்டமே.

7. செய்யத்தக்கவை

முடிவாக, இச்சபையின் முன் சில விண்ணப்பங்களை வைக்கிறேன்.

தொழில் நடத்துவோரே, சட்டம் பத்துப் பேர் என்று எல்லை வகுத்திருப்பினும், ஒருவரை வைத்தாலும் அவருக்கு ஒரு தாளில் பெயர், வேலை, கூலி, கூலி நாள் ஆகிய நான்கையும் எளிய தமிழில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். அதற்குச் செலவு ஒரு தாளும் ஐந்து நிமிடமுமே. முன்பணம் கொடுத்தே ஆக வேண்டுமாயின், தொகையையும் ஒவ்வொரு வாரமும் கழித்ததையும் இருவர் கையிலும் இருக்கும் சீட்டில் எழுதுங்கள். வேலையை விட்டுப் போகும் உரிமையை அதற்கு ஈடாக வாங்காதீர்கள்.

அரசு அலுவலர்களே, மாவட்டத்திலும் கோட்டத்திலும் கொத்தடிமை முறையைக் கண்காணிக்கவுள்ள விழிக்கண் குழுக்களைச் சூளைப் பருவம் தொடங்குமுன்பே கூட்டுங்கள். பருவம் முடிந்தபின் கூட்டுவதால் பயனில்லை. மாநில அரசின் விதிகள் நியமனக் கடிதத்தைச் சிறு ஸ்தாபனங்களுக்கும் விரிக்க வழி காணட்டும். தொழில் உறவுகள் தொகுப்பின்படி ஒரு நீதித்துறை உறுப்பினரும் ஒரு நிர்வாக உறுப்பினரும் கொண்ட தீர்ப்பாயங்கள் அமையும்போது, கடலூருக்கும் சென்னைக்கும் ஒரு நாள் கூலியை இழந்து அலையாதபடி, விழுப்புரத்திலேயே அவற்றின் அமர்வு நடைபெற வேண்டும்.

தொழிற்சங்கத் தோழர்களே, உங்கள் சங்கங்கள் போக்குவரத்துக் கழகத்திலும் சர்க்கரை ஆலையிலும் வலிமையோடு நிற்கின்றன. ஊதியத் தொகுப்பு உங்களுக்கு ஒரு புதிய வாயிலைத் திறந்திருக்கிறது. கூலி இழந்தவருக்காக நீங்கள் முறையிடலாம். அந்த உரிமையைச் சூளையிலும் உப்பளத்திலும் கடைவீதியிலும் இருப்பவர்க்காகச் செலவிடுங்கள்.

சட்டம் பயிலும் மாணவர்களே, உங்கள் பாடநூலில் இத்தொகுப்புகளின் பிரிவு எண்களை மனப்பாடம் செய்வதோடு நில்லாமல், விடுமுறை நாட்களில் ஒரு களத்திற்குச் சென்று அங்குள்ள ஒரு குடும்பத்தின் கூலிக் கணக்கை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுங்கள். அவர்கள் பெயரில், அவர்கள் கையில் இருக்கும் முதல் கணக்கு அதுவாக அமையலாம். நாளை ஒரு முறையீட்டிற்கு அதுவே ஆதாரமாகலாம்.

1859-இன் சட்டம் முன்பணத்தைத் தொழிலாளியின் விலங்காக்கியது. 1976-இன் சட்டம் அந்த விலங்கை உடைத்தது. 2025-இல் நடைமுறைக்கு வந்த தொகுப்புகள் அவ்விடத்தில் ஓர் எழுத்தை வைக்கச் சொல்கின்றன. அந்த எழுத்தை எழுத வேண்டியவர்கள் தில்லியில் இல்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இருக்கிறார்கள். வரும் பருவத்திற்கு ஆள் சேர்க்கும்போது அதை எழுதத் தொடங்குங்கள் என்று உங்கள் எல்லோரையும் இருகரங் கூப்பிக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.